விசாரணைக்கு கூட்டிட்டுப் போன அண்ணன் இறந்துட்டாரு, நாளைக்கு பாடிய வாங்கலாமா வேணாமா?

லயன்வீட்டுப்பையன்:

யாராச்சும் முழிச்சிருந்தா பதில் போடுங்க, அவசரம். நாங்க நீலகிரில பந்தலூர் பக்கம் எஸ்டேட் லயன் வீட்ல இருக்கறவங்க, தாத்தா காலத்துல சிலோன்ல இருந்து வந்த குடும்பம். ஸ்டேஷன் பேரு எழுதாதனு மாமா சொல்லிட்டாரு, எழுதல.

எங்க பெரியம்மா பையன், வயசு 34, ஜீப் ஓட்டுறவரு. செவ்வாக்கிழமை சாயங்காலம் மூணு பேரு வந்தாங்க, ஒருத்தர் மட்டும் யூனிஃபார்ம், மத்த ரெண்டு பேரும் மஃப்டி. ஒரு டீ ஃபேக்டரில மோட்டார் காப்பர் காயில் காணாம போச்சாம், சின்ன விசாரணைதான் அரை மணி நேரத்துல விட்ருவோம்னு கூட்டிட்டுப் போனாங்க. பேப்பர் எதுவும் தரல, யார்கிட்டயும் கையெழுத்து வாங்கல. புதன் காலைல அண்ணி சோறு கட்டிட்டு ஸ்டேஷன் போனா அப்படி யாரும் இங்க இல்லம்மா, நேத்தே அனுப்பிட்டோம்னு சொல்லிட்டாங்க. ஆனா வாசப்படிகிட்ட அண்ணனோட செருப்பு கெடந்துச்சு. வார் அறுந்து போய் கம்பி போட்டு முறுக்கின செருப்பு, அந்த கம்பிய போட்டதே அண்ணிதான், அதனால மாறி பாத்திருக்க வாய்ப்பே இல்ல.

புதன் ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் வருது, உங்க ஆளு போலீஸ பாத்து ஓடும்போது தேயிலைக் காட்டுப் பள்ளத்துல விழுந்துட்டாரு, ஜிஎச்சுக்கு வாங்கனு. போனா மார்ச்சுவரில வச்சிருக்காங்க. முகத்த மட்டும் காட்டினாங்க. தூக்கும்போது துணி விலகி காலு தெரிஞ்சுது, ரெண்டு உள்ளங்காலும் வீங்கி கன்னிப் போயிருக்கு. பள்ளத்துல விழுந்தா உள்ளங்கால் எப்படிங்க வீங்கும்?

இன்னைக்கு பூரா ஆளுங்க வந்து பேசிட்டே இருக்காங்க. ஒரு தொகை தரோம், அண்ணிக்கு ஒரு வேலை பாத்து தரோம், "மரணத்தில் சந்தேகம் இல்லை"னு எழுதி கையெழுத்து போடுங்க, காலைல எட்டு மணிக்கு இங்கயே போஸ்ட்மார்ட்டம் முடிச்சு மதியம் அடக்கம் பண்ணிடலாம்ங்கறாங்க. லயன்ல பசங்க பாடிய வாங்கவே கூடாது, ரோட்ட மறிக்கலாம்ங்கறாங்க. பெரியம்மா என் புள்ளைய மழைல போட்டு வைக்காதீங்கடானு அழுவுறாங்க. எது சரினே தெரியல. ஸ்டேஷன்ல சிசிடிவி பத்தி கேட்டா ரெண்டு நாளா மழைல கரண்ட் இல்ல, ஓடலனு சொல்லிட்டாங்க.

ஊட்டி ஜூனியர்:

தம்பி, நான் ஊட்டி கோர்ட்ல ஜூனியரா இருக்கேன். மொதல்ல அந்த பேப்பர்ல யாரும் கையெழுத்து போடாதீங்க, அண்ணிக்கும் பெரியம்மாவுக்கும் இப்பவே ஃபோன் பண்ணி சொல்லிடுங்க, வெத்துப் பேப்பர்ல ரேகை கூட வைக்க வேணாம். மத்தத அப்புறம் படிங்க.

சரி இப்ப விஷயம். போலீஸ் கஸ்டடில ஒருத்தர் இறந்தா விசாரிக்க வேண்டியது ஜுடிஷியல் மேஜிஸ்ட்ரேட். முன்னாடி ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர் விசாரணையோட முடிஞ்சிரும், 2006 ஜூன் 23ல இருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 176 (1ஏ)னு ஒரு பிரிவு வந்துச்சு, இப்ப அதுக்கு பதிலா வந்த புது சட்டமான பிஎன்எஸ்எஸ்ல அது 196. போலீஸ் விசாரணை ஒரு பக்கம் நடந்தாலும் மேஜிஸ்ட்ரேட் தனியா விசாரிச்சே ஆகணும். ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கஸ்டடினு ஒத்துக்கிட்டாத்தான் 196. ஓடினாரு விழுந்தாருனு எழுதிட்டா சாதாரண சந்தேக மரணம், 194ல ஒரு எஃப்ஐஆர் போட்டு ஃபைல மூடிடலாம். சமவெளில பாத்ரூம்ல வழுக்கி விழுந்து மாவுக்கட்டு போடுவாங்கல்ல, மலைல பாத்ரூமுக்கு பதிலா பள்ளம், அவ்ளோதான் வித்தியாசம். அதனால நீங்க எழுதற மனுல மொத வரியே அவர வீட்ல இருந்து யாரு எத்தனை மணிக்கு கூட்டிட்டுப் போனாங்க, யாரெல்லாம் பாத்தாங்க, மறுநாள் காலைல செருப்பு எங்க கெடந்துச்சு, இதா இருக்கணும். கஸ்டடினா லாக்கப் கம்பிக்குள்ள இருக்கறது மட்டும் இல்ல. 2025 ஜூன்ல திருப்புவனத்துல அந்த கோயில் காவலாளிய அடிச்சது ஸ்டேஷன்லயா? கோயிலுக்குப் பின்னாடி, மஃப்டில வந்த தனிப்படை. உள்ளூர் ஆளு ஒருத்தர் ஜன்னல் வழியா எடுத்த வீடியோதான் கேஸ திருப்புச்சு.

மனு மூணு காப்பி எழுதுங்க. ஒண்ணு மேஜிஸ்ட்ரேட்டுக்கு, காலைல கோர்ட் திறக்கற வரைக்கும் காத்திருக்காம நேரா போங்க. ஒண்ணு எஸ்பிக்கு, ஒண்ணு கலெக்டருக்கு, மெயிலும் வாட்ஸ்அப்பும் போட்டு வைங்க, நேரம் பதிவாகும்.

போஸ்ட்மார்ட்டம் அங்க வேணாம். சாத்தான்குளத்துல அப்பாவும் மகனும் கஸ்டடில செத்த அதே 2020ல டிசம்பர் மாசம் ஹைகோர்ட் மதுரை கிளை கஸ்டடி சாவுக்குனே ஒரு ஆர்டர் போட்டிருக்கு. மெடிக்கல் காலேஜ்ல இருக்கற, ஃபாரன்சிக்ல மேல்படிப்பு படிச்ச ரெண்டு டாக்டர் சேந்து பண்ணணும், முழு உடம்புக்கும் எக்ஸ்ரே எடுக்கணும், ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் வீடியோ, போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்னாடியே குடும்பத்துல யாராவது உடம்ப முன்பக்கம் பின்பக்கம் முழுசா பாக்கணும், ரிப்போர்ட் குடும்பத்துக்கும் குடுக்கணும். நாங்க ஹைகோர்ட் போகப் போறோம்னு எழுத்துல குடுத்தீங்கன்னா 48 மணி நேரம் பாடிய பத்திரமா வைக்கணும். உங்க தாலுகா ஜிஎச்ல இதுக்கெல்லாம் வசதி கிடையாது, ஊட்டி மெடிக்கல் காலேஜ் இல்லன்னா கோயம்புத்தூர்னு மனுலயே கேளுங்க. உடம்ப பாக்கும்போது உள்ளங்கால், தொடைக்குப் பின்பக்கம், முதுகு, நகம், மணிக்கட்டு, எல்லாத்தையும் ஃபோன்ல எடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் இல்லனா தீப்பெட்டி வச்சு எடுங்க, அப்பத்தான் காயம் எவ்ளோ பெருசுனு தெரியும்.

பணத்த பத்தி ஒண்ணு. கொலைக் கேஸ ராஜி பண்ண சட்டத்துல வழியே கிடையாது, அதனால அவங்க குடுக்கற தொகைக்கு பதிலா நீங்க குடுக்கப் போறது கேஸ இல்ல, சந்தேகம் இல்லங்கற வாக்குமூலத்த. கோர்ட் தர நஷ்டஈடு வேற. 1993ல, கஸ்டடில மகன பறிகொடுத்த நீலபதி பெஹேரா போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் அந்த தாய்க்கு 1,50,000 ரூபா குடுக்கச் சொன்னப்பவே அது அரசோட கடமைனு சொல்லிடுச்சு. அத வாங்கறதுக்கு யாரும் வாய மூடத் தேவையில்ல.

வக்கீல் ஃபீஸ் கவலைப்படாத, 15100க்கு அடி, இலவச சட்ட உதவி மையம், கோர்ட்லயே இருக்காங்க. நீங்க எஸ்சி கம்யூனிட்டியா இருந்து சம்பந்தப்பட்ட போலீஸ்காரங்க எஸ்சி, எஸ்டி இல்லாதவங்கன்னா, பிசிஆர்னு பேச்சுல சொல்ற எஸ்சி எஸ்டி வன்கொடுமை தடுப்புச் சட்டப் பிரிவும் சேக்கச் சொல்லி எழுதணும். சிலோன்ல இருந்து வந்த குடும்பங்கள்ல பல பேருக்கு சாதி சர்டிஃபிகேட்டே கைல இருக்காது, அத தேடுங்க.

பாரா மாத்துன ஏட்டு:

வக்கீல் தம்பி எழுதினது சரி. நான் 31 வருஷம் சர்வீஸ் போட்டு ஏட்டா ரிட்டயர் ஆனவன், இப்ப கோத்தகிரில ஒரு ஏக்கர் கேரட் போட்டுட்டு இருக்கேன். என்னைய திட்டறவன் திட்டிக்கோ.

ரோட்ட மறிக்காதீங்க. நான் அந்த பக்கம் நின்னவன், அதனால தெரியும். பாடிய வாங்க மாட்டோம்னு உக்காந்தா மொத நாள் டிஎஸ்பி வருவாரு, ரெண்டாம் நாள் ஆர்டிஓ வருவாரு, மூணாவது நாள் உங்க சொந்தத்துலயே ரெண்டு பேரு உடைவான். அந்த மூணு நாள்ல ஸ்டேஷனுக்குள்ள என்ன நடக்கும்னு யோசி. உங்க கவனம் பூரா ரோட்ல, ஸ்டேஷன் கணக்கு எழுதற ரைட்டர் உள்ள உக்காந்து புக்க மாத்தி எழுதிட்டு இருப்பான். கடைசில ரெண்டு கான்ஸ்டபிள ஆயுதப்படைக்கு மாத்திட்டு நடவடிக்கை எடுத்தாச்சும்பாங்க. மாத்தறது தண்டனையே இல்ல, ஆறு மாசத்துல வேற ஸ்டேஷன்ல நிப்பான். எனக்கே ஒரு தடவ அப்படி நடந்துச்சு, அடிச்சது நான் இல்ல, தடுக்கவும் இல்ல. அது வேற கதை.

புக்க மடக்கறதுக்கு முன்னாடி நீ புடிக்கணும். ஜிடினு பொது நாட்குறிப்பு, யாரு எப்ப காவலுக்கு நின்னாங்கனு எழுதற பாரா புக், ஜீப் லாக் புக், மழைல கூட தினம் எழுதியாகணும். இதெல்லாத்தையும் உடனே கைப்பத்தணும்னு மேஜிஸ்ட்ரேட் மனுல பேரு போட்டு கேளு, சும்மா ஆவணங்கள்னு எழுதாத. பொய் எழுதறவன் ஒரு புக்ல சரியா எழுதிடுவான், மூணு புக்லயும் ஒரே மாதிரி எழுத அவனுக்கு நேரம் பத்தாது.

ஸ்டேஷன் கைக்கு எட்டாத காயிதம் ரெண்டு இருக்கு. ஒண்ணு ஜிஎச் ஏஆர் காப்பி. அடிபட்டவன் வந்தா கேஷுவாலிட்டில ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல எழுதுவாங்க, எத்தனை மணிக்கு வந்தான், யாரு கொண்டு வந்தா, என்ன சொன்னாங்க, உசுரோட வந்தானா இல்லையானு. ரெண்டாவது, 108ல கொண்டு வந்திருந்தா எங்க இருந்து ஏத்தினாங்கனு அவங்க பதிவுல இருக்கும். பள்ளத்துல இருந்து தூக்கினாங்களா இல்ல ஸ்டேஷன் வாசல்ல இருந்தானு அதுல தெரிஞ்சிரும். ஜீப்ல கொண்டு வந்திருந்தா லாக் புக்ல கிலோமீட்டர் பேசும்.

கரண்ட் இல்லங்கறது கத. எங்க காலத்துல கேமராவே கெடையாது, ஆனா இப்ப சுப்ரீம் கோர்ட் ஆர்டர் இருக்குனு எம் பையன் சொன்னான், வக்கீல் தம்பி அத சொல்லு.

ஊட்டி ஜூனியர்:

ஏட்டையா சொல்றது 2020 டிசம்பர் 2, பரம்வீர் சிங் சைனி வழக்கு. எல்லா ஸ்டேஷன்லயும் வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் ரூம், எஸ்ஐ ரூம், பின்பக்கம் எல்லாம் கேமரா, ராத்திரியும் தெரியணும், சத்தமும் பதியணும், 18 மாசம், அது முடியலன்னா குறைஞ்சது ஒரு வருஷம் பதிவ வச்சிருக்கணும். கரண்ட் இல்லாத எடத்துல சோலார், காத்தாலை எது போட்டாவது அரசு குடுக்கணும்னு அந்த ஆர்டர்லயே எழுதியிருக்கு, ஆக மழைங்கற காரணம் செல்லாது. கேமரா ஓடுதா இல்லையானு பாக்கற பொறுப்பு ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியான எஸ்எச்ஓவுக்கு. சாத்தான்குளத்துல 1 டிபி ஹார்ட் டிஸ்க் இருந்துச்சு, எடம் நிறைய இருந்துச்சு, ஆனா தினமும் தானா அழியற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தாங்கனு மேஜிஸ்ட்ரேட் ரிப்போர்ட் எழுதினாரு. அதனால மனுல ஹார்ட் டிஸ்க்கையே எடுத்து ஃபாரன்சிக் லேபுக்கு அனுப்பணும்னு கேளுங்க, காட்சிகள் வேணும்னு மட்டும் கேட்டா காட்சி இல்லனு பதில் வரும்.

பாடிய வாங்கறத பத்தி ஏட்டையாவோட நான் பாதிதான் ஒத்துப் போறேன். உக்காந்தாத்தான் இங்க ஒரு அதிகாரி திரும்பிப் பாக்கறாங்க, அதையும் மறுக்க முடியாது. ஆனா வீடியோவோட போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு, உடம்ப பாத்து, காப்பிக்கு எழுதிக் குடுத்தாச்சுன்னா அதுக்கப்புறம் பாடிய வைக்கறதால கேஸுக்கு ஒரு லாபமும் இல்ல, பெரியம்மாவத்தான் கஷ்டப்படுத்தறோம். ஒண்ணு மட்டும், எரிக்க வேணாம், பொதைங்க. நாளைக்கு திரும்ப பாக்க வேண்டி வந்தா எலும்பாவது இருக்கும்.

உண்மைவிளம்பி77:

காப்பர் திருடனுக்கு இவ்ளோ சட்டமா? போலீஸ் கைய கட்டிப் போட்டா நாளைக்கு உங்க வீட்ல திருடும்போது தெரியும். எஸ்டேட்ல இருக்கறவனுக்குத்தான் திருட்டு நஷ்டம் என்னனு தெரியும்.

பாரா மாத்துன ஏட்டு:

தம்பி, சாதாரண திருட்டுக்கு சட்டத்துல அதிகபட்சம் மூணு வருஷம், அதையும் ஜட்ஜு விசாரிச்சு குடுக்கணும். எந்த சட்டத்துலயும் உள்ளங்கால்ல லத்தி வைனு எழுதல. அந்த காயில் இன்னும் கெடைக்கலங்கறத கவனிச்சியா? கெடைச்சிருந்தா மொத ஆளா அத போட்டோ எடுத்து பேப்பருக்கு குடுத்திருப்பாங்க.

பூம்பாறை அக்கா:

தம்பி நான் கொடைக்கானல் மேல்மலை. எங்க வீட்லயும் இது நடந்துச்சு, என் கூடப்பொறந்த தம்பி. ஊரும் ஸ்டேஷனும் எழுதல, கேஸ் இன்னும் ஓடுது.

நாங்க மூணு நாளு ஜிஎச் வாசல்ல உக்காந்தோம். ஏட்டையா சொன்ன மாதிரியேதான், ரெண்டு பேர மாத்தினாங்க, ஒரு பெரிய அதிகாரி வந்து எங்கம்மா கைய புடிச்சு உங்க புள்ளைக்கு நியாயம் கெடைக்கும்னாரு, நாங்க அத நம்பி வாங்கிட்டு வந்து எரிச்சிட்டோம். வீடியோ எடுத்தாங்களானு கேக்கணும்னு யாரும் சொல்லித் தரல. உடம்ப முழுசா பாக்கல, எங்கம்மா பாக்க வேணாம்னு நாங்களே தடுத்தோம், இன்னைக்கு வரைக்கும் அதான் எனக்கு உறுத்துது, அவங்க கண்ணால பாத்திருந்தா மேஜிஸ்ட்ரேட்கிட்ட சொல்லியிருப்பாங்க. மேஜிஸ்ட்ரேட் நல்லாத்தான் கேட்டாரு, உக்காருங்கம்மா தண்ணி குடிங்கனு சொல்லித்தான் கேட்டாரு, ஆனா நாங்க போனதே பத்து நாள் கழிச்சு, அதுக்குள்ள எங்க பக்கத்து வீட்டுக்காரங்களே நாங்க ஒண்ணும் பாக்கலனு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. பாத்தவங்க பேர இன்னைக்கே எழுதி வச்சிரு, நாளைக்கு அவங்களுக்கு மறந்துரும்.

தம்பியோட சட்டைய எங்கம்மா பாலித்தீன் கவர்ல கட்டி பீரோல வச்சிருந்தாங்க, கேட்டப்ப எடுத்து பாத்தா பூஞ்ச புடிச்சு கறையே தெரியல. உங்க அண்ணன் துணி உங்க கைக்கு வந்தா துவைக்காத, நெழல்ல காய வச்சு பேப்பர் கவர்ல போடு, பிளாஸ்டிக் வேணாம். செருப்பு எங்கனு பாரு, இன்னும் அங்கதான் கெடக்கா?

மனித உரிமை கமிஷனுக்கு நாங்க எழுதினோம், ஒரு வருஷத்துக்குள்ள எழுதிடணும், அத தாண்டினா எடுத்துக்க மாட்டாங்க. சென்னைக்கு ஏழு தடவ போனேன், ராத்திரி வத்தலகுண்டுல எறங்கி பஸ் மாறி போயி காலைல அங்க கைப்பையோட நிப்பேன், வாய்தானு சொல்லி திருப்பி அனுப்புவாங்க. அப்புறம் ஆர்டர் வந்துச்சு, அரசு பணத்த குடுத்துட்டு அவங்க சம்பளத்துல புடிச்சுக்கணும்னு. கமிஷன் சொல்றது சும்மா சிபாரிசு இல்ல, அரசு கேட்டே ஆகணும்னு 2021ல ஹைகோர்ட் ஃபுல் பெஞ்ச் சொல்லிடுச்சுனு எங்க வக்கீல் சொன்னாரு, அதனாலதான் பணமாவது வந்துச்சு. நாங்க ஹைகோர்ட்டுக்கு மதுரை போவோம், உங்களுக்கு சென்னை, மேட்டுப்பாளையம் எறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ்தான், அதனால சென்னைல ஒரு வக்கீல இப்பவே புடிங்க.

பணம் வாங்கினதுக்கு ஊர்ல என்ன பேசினாங்கனு எழுத எனக்கு விருப்பமில்ல.

முதுமலைக்காரன்:

நடுவுல ஒரு சந்தேகம், வனத்துறை ஆஃபீஸ்ல வச்சு இறந்தாலும் இதே 196தானா? 2025ல உடுமலை வனச்சரக ஆஃபீஸ்ல ஒரு மலைவாழ் மனுஷர் இறந்தாரே. எங்க பக்கம் போலீஸ விட ஃபாரஸ்ட்காரங்கதான் ஆள கூட்டிட்டுப் போறாங்க.

ஊட்டி ஜூனியர்:

நல்ல கேள்வி, ஆனா இந்த தம்பி வேல முடியட்டும். சுருக்கமா, அந்த பிரிவுல போலீஸ் கஸ்டடி இல்லனா கோர்ட் அனுமதிச்ச கஸ்டடினுதான் வார்த்தை இருக்கு, கோர்ட்ல நிறுத்தறதுக்கு முன்னாடி ஃபாரஸ்ட் ரேஞ்ச் ஆஃபீஸ்ல வச்சிருக்கறது அதுக்குள்ள வருமானு அவங்க வாதம் பண்ண எடம் இருக்கு. தனியா ஒரு கேள்வி போடுங்க, பேசலாம்.

லயன்வீட்டுப்பையன்:

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு நாளா ஃபோன்ல சார்ஜ் இல்ல. நடந்தத எழுதறேன்.

ராத்திரியே மனு எழுதினோம், ஏட்டையா சொன்ன புக்கு பேரெல்லாம் போட்டு. காலைல ஆறரைக்கு மாமாவும் அண்ணியும் மேஜிஸ்ட்ரேட் வீட்டுக்கே போய்ட்டாங்க, வாசல்ல இருந்த போலீஸ்காரர் பத்து மணிக்கு கோர்ட்டுக்கு வாங்கன்னாரு, அண்ணி அங்கயே தரைல உக்காந்துட்டாங்க, அப்புறம் மேடம் வெளிய வந்து வாங்கிட்டாங்க. எட்டு மணி போஸ்ட்மார்ட்டம் நின்னுச்சு. பாடிய ஊட்டிக்கு கொண்டு போனாங்க, நடுவட்டம் தாண்டி மரம் விழுந்து ஒன்றரை மணி நேரம் லேட். வீடியோ எடுத்தாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க. உடம்ப நானும் பெரியம்மாவும் பாத்தோம். பூம்பாறை அக்கா எழுதினத படிச்சுத்தான் பெரியம்மாவ கூட்டிட்டுப் போனேன். அவங்க அழல, ஒவ்வொரு எடமா தொட்டுப் பாத்து இது எழுதிக்கோ இது எழுதிக்கோனு எங்கிட்ட சொன்னாங்க.

பசங்க ரோட்ல உக்காந்தாங்கதான், ஒரு நாள். நிறுத்த முடியல. நேத்து சாயங்காலம் லயனுக்குக் கீழ பொதைச்சோம்.

செருப்பு அங்க இல்ல. ஆனா மேஜிஸ்ட்ரேட் மேடம் ஜிஎச்ல இருந்து ஏஆர் ரெஜிஸ்டர வாங்கி வச்சு எங்க மாமாகிட்ட விசாரிச்சப்ப படிச்சுக் காட்டினாங்களாம். புதன் சாயங்காலம் 5.20னு போட்டிருக்கு, கொண்டு வந்தவர்ங்கற எடத்துல ஒரு போலீஸ்காரர் நம்பர் இருக்கு, வரும்போதே உயிர் இல்லனு எழுதியிருக்கு. எங்களுக்கு ஃபோன் வந்தது பத்து மணிக்கு. எஃப்ஐஆர்ல பள்ளத்துல விழுந்த நேரம் ராத்திரி 8.30னு இருக்கு.

பாரா மாத்துன ஏட்டு:

அந்த ரெஜிஸ்டர எழுதின ட்யூட்டி டாக்டரையும் நர்ஸையும் மேஜிஸ்ட்ரேட் விசாரிக்கணும்னு இன்னைக்கே இன்னொரு மனு போடு. அவங்கள இந்நேரம் யாராவது போய் பாத்திருப்பாங்க. எஃப்ஐஆர் காப்பிய மூணு பேருகிட்ட குடுத்து வை, ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போடாத.